மஞ்சத் துணியும் மருமவன் காரும்

வா மருமவனே, வா. அவசரமில்ல, கதவ ரெண்டு விரலால மெதுவா சாத்திட்டே வா. பச்சப்புள்ளையத் தொட்டில்ல கெடத்திட்டு வாரவ கூட இம்புட்டுப் பதனமா வரமாட்டா. நான் திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீ வந்து அரைமணி நேரம் ஆச்சு. மாமன் இருக்கானா செத்தானான்னு எட்டிப் பாக்கல. அந்தக் கறுப்புக் காரைச் சுத்தி ஏழு சுத்து வந்துட்ட. நவக்கிரகத்துக்கு ஒம்பது. இன்னும் ரெண்டு பாக்கி.

கோவிச்சுக்காத. ஆடி பொறக்கதுக்குள்ள எடுத்தாகணும்னு அலையா அலைஞ்சு எடுத்த காரு. அம்மன் கொடைக்கு மெட்ராஸ்ல இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல ஓட்டியாந்து, இந்தத் தேரிக்காட்டு ஊருல நிறுத்தியிருக்க. நாலு பேரு பாக்கத்தான் செய்வான். அந்தா, பூவரச மரத்தடியில ஒருத்தன் நீ வந்ததுல இருந்து கண்ணெடுக்காம உன் காரையே பாத்துக்கிட்டு நிக்கான். அவன் சங்கதிய அப்புறம் சொல்லுதேன். மொதல்ல கையில வச்சிருக்கியே அந்த மஞ்சத் துணி, அதை இப்பிடிக் குடு.

எங்க வாங்குன? சிக்னல்லயா. நூறு ரூபாய்க்கு நாலா. நல்ல வெலதான். இதால என்னத்தத் துடைச்ச? தூசியவா? எந்தத் தூசி, நம்ம ஊரு விலக்குல திரும்புனதும் ஆடிக்காத்து செவப்பா ஒரு வீச்சு வீசுச்சே, அதுவா? நல்லாத் துடைச்சியா? அழுத்தித் துடைச்சியா? வட்டம் வட்டமா? ஆங், கெட்டிக்காரன்.

உன் போனக் குடு ஒரு நிமிசம். குடுல. இந்தா, உன் பானெட்டு ஓரத்துல இருந்து ஒரு சிட்டிகை மண்ணு எடுத்திருக்கேன். இதை உன் போன் கண்ணாடி மேல தூவி, இந்த மஞ்சத் துணியாலேயே, நீ துடைச்ச மாதிரியே வட்டமா அழுத்தி ஒரு பத்துத் தடவ... ஏன், ஏன் பிடுங்குத? கண்ணாடி கீறிப் போகும்னு தெரியுதுல்லா? கண்ணாடியவிட எவ்வளவோ இளக்கம் அந்தப் பெயிண்டு. அதுக்கு மட்டும் மேலு வலிக்காதுன்னு ஒனக்கு எவன் சொன்னான்? நம்ம தேரி மண்ணைச் சும்மா தூசின்னு நெனைக்காத. உள்ள குவார்ட்ஸ் மணலு, மேல இரும்புத் துருச் செவப்பு. கத்தியால கீறினா மணல்ல கோடு விழாது, கத்திதான் மழுங்கும்.

இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு பாக்க. நீ பொறக்கதுக்கு முன்னால கரூர்ல பஸ்ஸுக்குப் பாடி கட்டுற பட்டறையில பதினொரு வருசம் கெடந்தேன். பட்டி வச்சுத் தேய்க்கிறது என் வேல. வாட்டர் பேப்பரு 220-ல ஆரம்பிச்சு 400, 800, 1000-ன்னு போகும். நம்பர் ஏற ஏற மணலு பொடிசு. தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகையே அழிஞ்சு போச்சு. ரேசன் கடை மிசின்ல இன்னைக்கும் என் வெரலு விழாது, ஒங்கத்தை வெரல வச்சுத்தான் அரிசி வாங்குதோம். புதுப் பெயிண்டு பிடிக்கணும்னா பழைய பளபளப்பச் சாகடிக்கணும். அதுக்கு மூணு சாமான் போதும்: கொஞ்சம் மணலு, அதை அழுத்த ஒரு துணியோ தாளோ, விடாம சுத்த ஒரு கை. அந்த வேலைக்கு எனக்கு அன்னைக்குக் கூலி குடுத்தாங்க. நீ சொந்தக் காருக்குச் சும்மாவே செய்யுத.

அந்தக் காருக்கு எத்தன தோலு இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்கியா? தகட்டுக்கு மேல துருப்பிடிக்காம இருக்க ஒரு பூச்சு. கூண்டையே தொட்டியில முக்கி, மின்சாரத்தப் பாய்ச்சி ஒட்ட வைக்கிறது. அதுக்கு மேல பிரைமர். அதுக்கு மேல கலரு. அதுக்கும் மேல நெறமே இல்லாத கிளியர் கோட்டு. நீ மயங்கிக் கெடக்கியே அந்த மினுக்கம், அது கலருல இல்ல, இந்தக் கடைசித் தோலுல இருக்கு. எல்லாத்தையும் சேத்து அளந்தா 100-ல இருந்து 130 மைக்ரான் வரும். ஆயிரம் மைக்ரான் சேந்தாத்தான் ஒரு மில்லிமீட்டரு. உன் தலையில மிச்சமிருக்கிற நாலு முடியில ஒண்ணப் பிடுங்கி அளந்தா சுமாரா 70 மைக்ரான் இருக்கும். அந்தக் கிளியர் கோட்டு 40, மிஞ்சிப்போனா 50. நீ வாங்குன கடனெல்லாம் ஒரு முடிக்குக் கொறைஞ்ச கனத்துல ஒட்டிக்கிட்டு நிக்கு மருமவனே. அதைத்தான் நாலுல ஒரு துணியால துடைக்க.

இருட்டுன பொறவு போன் வெளிச்சத்தப் பானெட்டுல அடிச்சுப் பாரு. வெளிச்சத்தச் சுத்திச் சிலந்தி வலை கட்டுன மாதிரி வளையம் வளையமாத் தெரியும். அம்புட்டும் துணி போட்ட கோடு. வெள்ளையா இருந்தா கண்ணுக்கு அகப்படாது, கறுப்புல கல்யாணக் கோலம் மாதிரி தெரியும். வெள்ளை எடுன்னு அப்பவே சொன்னேன். டாக்சி மாதிரி இருக்கும்னுட்ட. பழி எல்லாத்தையும் உன் தலையில போடவும் மாட்டேன். வண்டிய உன் கையில குடுக்கிறதுக்கு முன்னால, அங்க ஒரு பையன் ஒரே வாளி, ஒரே துணியில வரிசையா நிக்கிற வண்டியெல்லாம் கழுவியிருப்பான். அழுக்கோட குடுங்க, நானே கழுவிக்கிடுதேன்னு நீ சொல்லியிருக்கணும். ஒனக்கு அன்னைக்குக் கேக்கு வெட்டுறதுலயும் போட்டோவுக்குச் சிரிக்கிறதுலயும் மும்முரம்.

பூசை போட்டதையும் வாட்சாப்புல பாத்தேன். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம், அதுல குத்தமில்ல, டயரு தாங்கும். பானெட்டுல சந்தனத்த நாலு வெரலால இழுத்து, நடுவுல குங்குமம் வச்சு, மூணு நாளு வெயில்ல காயவிட்டு, அப்புறம் நகத்தால சொரண்டுனியாமே. ஒங்கம்மாதான் சொன்னா. மாலைய வேற கட்டி, அதோட நாரும் கம்பியும் காத்துல அடிச்சு அடிச்சு வழி நெடுக பானெட்டுக்கு வீபூதி போட்டுக்கிட்டே வந்திருக்கு. அம்மனுக்குக் கண்ணாடியில வச்சாலும் பொட்டுதான், நம்பர் பிளேட்டுல வச்சாலும் பொட்டுதான். மேல வச்சே ஆகணும்னு ஐயரு நின்னா, வச்சிட்டு, காயுறதுக்குள்ள தண்ணிய விட்டு எடுத்துரு. காஞ்ச சந்தனமும் ஒரு மண்ணுதான். அதையும் சொரண்டுனா அது பட்டறை வேல.

எப்பிடிக் கழுவணும்னு கேளு. நீ கேக்க மாட்ட, நானே சொல்லுதேன். மாட்டைக் குளிப்பாட்டுனா வைக்கோல் பிரியால வரட்டு வரட்டுன்னு தேய்ப்போம், அதுக்கும் சொகமா இருக்கும், நமக்கும் கை தினவு தீரும். காரு மாடில்ல. மொதல்ல கையே படப்புடாது. தண்ணிய மட்டும் மேல இருந்து கீழ ஓடவிடு. மண்ணு தானா எறங்கட்டும். அப்புறம் ரெண்டு வாளி. ஒண்ணுல கார் சாம்பு, ஒண்ணுல வெறுந்தண்ணி. சாம்புல நனைச்ச மைக்ரோஃபைபர் துணியால ஒரு கதவு துடைச்சா, துணிய வெறுந்தண்ணியில அலசி அழுக்க அங்க விட்டுட்டுத்தான் மறுபடியும் சாம்பு வாளிக்குப் போகணும். ஒரே வாளின்னா, மேல இருந்து எடுத்த மண்ணையே மறுபடி கொண்டுபோய் மேல பூசுத. கூரையில ஆரம்பி, சக்கரத்துப் பக்கம் கடைசி, அதுக்குத் துணியும் தனி. நேர்கோட்டுல இழு. கீழ விழுந்த துணிய உதறிட்டு எடுக்காத, அது செத்துப் போச்சு. பாத்திரம் வெளக்குற சோப்புத் தண்ணிய ஊத்தாத. அது மேல பூசின மெழுகையும் சேத்து வெளக்கிரும்.

வெயில்லயும் கழுவாத, பானெட்டு சூடா இருக்கும்போதும் கழுவாத. நம்ம போர்த் தண்ணி ஒனக்குத் தெரியும், சோத்துப் பானையிலேயே வெள்ளை கட்டும். துளி துளியா காஞ்சுதுன்னா காரு மேல அம்மை போட்ட மாதிரி வட்டம் வட்டமா உப்புத் தழும்பு நிக்கும். முழுசா காயவிடாம, மெத்துன்னு ஒரு துண்டால ஒத்தி ஒத்தி எடு. போன மாசம் போன்ல பேசையில பெருமையா ஒண்ணு சொன்ன, ஞாபகம் இருக்கா? அங்க ஆர்ஓ மிசின்ல இருந்து வெளிய ஊத்துற தண்ணிய வீணாக்காம அதுலதான் காரு கழுவப் போறேன்னு. நான் ஒண்ணும் சொல்லல, ஒனக்குச் செலவாகுதேன்னு பேசாம இருந்தேன். அந்த மிசினு நல்ல தண்ணிய ஒரு பக்கம் பிரிச்சா, உப்பையெல்லாம் சேத்து வடிக்கிற தண்ணிதாம்ல அது! மாடியில ஏசிக்குப் பின்னால சொட்டுச் சொட்டா விழுதே, அதுல உப்பே கெடையாது. ஒரு வாளி பிடிச்சு வச்சுக் கடைசித் தண்ணியா ஊத்து. மழைத் தண்ணியும் நல்லதுதான். அது எப்ப வரும்னு என்கிட்ட கேக்காத.

இடையில ஒண்ணு. அந்தா, பம்பருல ஒட்டிக் கெடக்கே, ராத்திரி விளக்குக்கு வந்து அடிபட்ட பூச்சி, அதை நாளைக்குன்னு போடாத. அதும் பெயிண்டத் திங்கும். பறவை எச்சம் அதுக்கு அண்ணன். யூரிக் அமிலம் ஒரு பக்கம். வெயில்ல பெயிண்டு இளகி, சாயங்காலம் குளுந்து இறுகும்போது அந்த எச்சத்தோட அச்சு அப்பிடியே பதிஞ்சுரும். எச்சம் போனாலும் வடிவம் போகாது. அதைப் பாத்ததும் மஞ்சத் துணியால ஒரு இழுப்பு இழுப்பியே, அதுல மண்ணு இருக்கும், வெத இருக்கும். ஈரத்துணிய மேல போட்டு அஞ்சு நிமிசம் ஊறவிட்டு, தூக்கி எடு. பிள்ளைக்கு மூக்குச் சளி எடுக்கிற மாதிரி. வேப்ப மரத்தடியில நிறுத்துனா எச்சம், பழம், பிசினு மூணும் கெடைக்கும். தென்ன மரத்தடியில நிறுத்துனா பெயிண்டப் பத்தின கவலையே தீந்துரும்.

சரி, அந்தப் பில்ல காட்டு. உன் சட்டைப் பையில மடிச்சு வச்சிருக்கியே, அதுதான். டெஃப்லான் கோட்டிங்கா? எம்புட்டு? அடேயப்பா. ஒங்கத்தை தோசைக்கல்லுல இருக்கிற டெஃப்லான் 327 டிகிரியிலதான் உருகும். அதுக்கும் மேல சூடு வச்சுத்தான் கல்லுல பிடிக்க வைப்பாங்க. உன் காரை அந்தச் சூட்டுல வச்சாங்களா? வச்சிருந்தா ஸ்டியரிங்கு இட்லி மாவு கணக்கா ஓடியிருக்கும். துணியால பூசிவிட்டது ஏதோ ஒரு பாலிமர் மெழுகு. கெடுதல் ஒண்ணுமில்ல, சில மாசம் மினுங்கும், போயிரும். பேருக்குத்தான் ஒங்கிட்ட துட்டு வாங்கியிருக்கான்.

அடுத்தது செராமிக்கா. இது அம்புட்டு மோசமில்ல. சிலிக்கா கலந்த ஒரு திரவம், காஞ்சதும் கெட்டியாப் பிடிக்கும். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டாது, கழுவ லேசு. எச்சம் விழுந்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். ஆனா கனம் ஒண்ணு, ரெண்டு மைக்ரான்தான். கல்லு தெறிச்சா அதுவும் சேந்து தெறிக்கும். 9 எச் கெட்டின்னு சொல்லித்தான் வித்திருப்பான், வைரத்துக்குத் தம்பி மாதிரி. அது பென்சில் கணக்கு மருமவனே. வேற வேற கெட்டியில பென்சிலால கீறிப் பாத்து, எது வரைக்கும் கீறல் விழலையோ அந்தப் பென்சில் நம்பரப் போட்டுக்கிடுவாங்க. மணலும் வைரமும் நிக்கிற அளவுகோலு வேற. காரு மேல வாய்ப்பாடு எழுத எவனாவது பென்சிலோட வந்தா உன் செராமிக்கு அவனை வெரட்டும். தேரி மணலு பென்சிலக் கொண்டு வராது.

கல்லடிக்குன்னா, பிபிஎஃப்னு ஒரு தாளு இருக்கு. பாலியூரத்தேன். 150, 200 மைக்ரான். உன் காரோட மொத்தப் பெயிண்டையும் விடக் கனம். அது அடி வாங்கிக்கிடும், லேசான கோடு விழுந்தா வெயில்ல தானாக் கூடிரும். முழுக் காருக்கும் ஒட்டுனா வெல ஒரு நல்ல பசு மாட்டத் தாண்டும். முன் பம்பரு, பானெட்டு, கண்ணாடிக் காது, இதுக்கு மட்டும் ஒட்டு. கதவு விளிம்புக்கும், கைப்பிடிக் குழிக்கும் ஒட்டு. உன் பெஞ்சாதி மோதிரம் அங்கதான் கோலம் போடும். இதை நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத.

அப்புறம் மெழுகு. போன்ல என்னமோ ஒரு டப்பா காட்டுனியே, கார்னோபா, வெளிநாட்டு மெழுகுன்னு. அது என்னன்னு தெரியுமால ஒனக்கு? பிரேசில்ல வளர்ற ஒரு பனை. அதோட ஓலைய வெட்டி, வெயில்ல காயப்போட்டு, தட்டுனா தூளா உதிரும். அந்தத் தூளை உருக்குனதுதான் உன் டப்பா. பனங்காட்டுல பொறந்து, பதநீ குடிச்சு வளந்து, உடன்குடிக் கருப்பட்டியத் தின்ன பய, வேற ஒரு நாட்டுப் பனை ஓலைத் தூசிக்கு ஆன்லைன்ல ஆர்டர் போட்டிருக்க. போடு, போடு. நல்ல பொருளுதான். எந்தப் பனையும் மனுசனுக்குக் கெடுதல் செஞ்சதில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா, கழுவிக் காஞ்ச வண்டி மேல, நிழல்ல, மெல்லிசாப் பூசி எடு. புதுப் பெயிண்டு ஆறணும், ஆறு மாசம் மெழுகு தொடப்புடாதுன்னு எவனாவது சொல்லுவான். கம்பெனியில 140 டிகிரி அடுப்புல சுட்டு அனுப்புன பெயிண்டு, இனி ஆற ஒண்ணுமில்ல. எங்கயாவது இடிச்சு, வெளிப் பட்டறையில பெயிண்டு அடிச்சாத்தான் ஒண்ணு ரெண்டு மாசம் மூச்சுவிட விடணும்.

சர்வீசுக்கு விட்டா ஒவ்வொரு தடவையும் 'சார், ரப்பிங் பாலிஷ் போட்டுரவா'ன்னு கேப்பான். ரப்பிங்னா கீறல மூடுறதுன்னு நெனச்சுக்கிட்டுத் தலையாட்டாத. கீறலோட அடிவாரம் வரைக்கும் சுத்தியுள்ள பெயிண்டையே இழைச்சு எடுக்கிறது அது. தச்சன் இழைப்புளி போடுற மாதிரி. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு மைக்ரான் போகும், முரட்டு மிசினுன்னா இன்னும் போகும். இருக்கிறதே அம்பது. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா, கை தெரிஞ்சவன்கிட்ட, அவசியம்னாப் போடு. வருசத்துக்கு ரெண்டு தடவ போட்டா, வேற ஒருத்தன்கிட்ட வண்டிய விக்கப் போறப்ப அவன் மைக்ரான் மிசின வச்சுப் பாத்துட்டு ஒனக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவான்.

கீறல் விழுந்துட்டா நகத்தால குறுக்க தடவிப் பாரு. நகம் மாட்டலன்னா மேல்தோலோட சரி, மெழுகுல கூட மறையும். மாட்டுச்சுன்னா ஆழம். வெள்ளையாத் தகடு தெரிஞ்சா அன்னைக்கே டச்சப் பெயிண்டு வச்சு மூடிரு. கலரு நம்பரு வண்டியிலேயே ஸ்டிக்கர்ல இருக்கும். இங்க உப்புக் காத்து. திருச்செந்தூர் பக்கம் ஒரு ஜன்னல் கம்பிய விட்டு வச்சதில்ல அது. பல்பசைய வச்சுத் தேய்க்கலாம்னு நீ யூடியூப்ல பாத்திருப்ப. அதும் பொடி வாட்டர் பேப்பருதான், மணக்குற வாட்டர் பேப்பரு.

உறை வாங்கியிருக்கியா? எங்க, டிக்கியிலயா? நல்லா மடிச்சு வச்சிருக்க. அதை இப்ப எடுத்துப் போத்தப் போறியா? தூசி மேலயா? இந்த ஆடிக்காத்துலயா? போத்து. ராத்திரி பூரா காத்து அந்த உறையப் பிடிச்சு ஆட்டும், அடியில மணலு, மேல துணி. நீ தூங்குவ, உறை தூங்காம எமரி போட்டுக்கிட்டு இருக்கும். விடியையில என்னை எழுப்பு, பதினொரு வருசத்துல நான் செஞ்ச வேலையவிட நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லுதேன்.

என்னல மொகம் சுருங்கிப் போச்சு? மாமன் உன்னைக் கேலி பண்ணுதேன்னு நெனைக்காத. நீ மினுமினுன்னு வச்சிருக்கணும்னுதான் நானும் சொல்லுதேன். மொகம் பாக்கலாம் போல மின்னுது, நெசம்மாச் சொல்லுதேன். அதுலதான் ஒரு சிக்கலும் இருக்கு. பூவரச மரத்தடியில ஒருத்தன் நிக்கான்னேன்லா? திரும்பிப் பாரு. மெதுவா. அந்த மயிலு ரெண்டு வருசமா இந்தத் தெருவ ஆண்டுக்கிட்டு இருக்கு. எதுத்த ஆண் மயில் எதையும் இந்தப் பக்கம் அண்ட விட்டதில்ல. இப்ப உன் கார்க் கதவுக்குள்ள, அவன மாதிரியே கொண்டை வச்சுக்கிட்டு, அவன் கழுத்த நீட்டுனா கழுத்த நீட்டிக்கிட்டு ஒருத்தன் நிக்கான். டீச்சர் வீட்டுக் காரு, அதும் கறுப்புதான், போன வருசம் அந்தக் கதவ ஒரு மணி நேரத்துல கொத்திக் கொத்திப் புள்ளிக்கோலம் ஆக்கிட்டான். கால் முள்ளு வேற இருக்கு.

கல்லக் கில்ல எடுத்துராத, தேசியப் பறவை, உள்ள தள்ளிருவான். கொடியில ஒங்கத்தையோட பழைய நூல் சேலை ரெண்டு கெடக்கு. ஒரு வாளி தண்ணிய ஊத்தி, மண்ண எறக்கிட்டு, ஈரத்தோட கதவு மேல தொங்கவிடு. அவனுக்கு அந்த இன்னொருத்தன் தெரியாம இருந்தாப் போதும். அந்தா, எறங்கிட்டான் பாரு, தோகையச் சிலுப்பிக்கிட்டு வாரான். ஓடுல!

எதைத் தேடுத? மஞ்சத் துணியா? அது என்கிட்டதான இருக்கு. இருக்கட்டும், என் சைக்கிளத் துடைக்க ஆகும்.